ஒன்றை அழுத்தவும்

மூன்று பேர் மட்டும் வேலை செய்கிற ஓர் ஆபீஸுக்கு ஒருவர் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்யப்பட்ட பெண்குரல் ஒன்று வணக்கம் சொல்கிறது. தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால், விற்பனைப் பிரிவுக்கு ஒன்று, சேவைப் பிரிவுக்கு இரண்டு, கணக்குப் பிரிவுக்கு மூன்று என்கிறது. எதை அழுத்தினாலும் மணி அடிக்கப்போவது ஒரே மேசையில்தான். அந்த மேசைக்காரர் அந்த நேரம் கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருக்கவும் கூடும்.

இது பொய்யா?

வாக்கியங்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் பொய் கிடையாது. "இரண்டை அழுத்தவும்" என்பது ஒரு கட்டளை. கட்டளையில் உண்மை எது, பொய் எது? சேவைப் பிரிவு என்று ஒன்று இருப்பதாக அந்தக் குரல் எங்கேயும் சத்தியம் செய்யவில்லை. ஆனாலும் கேட்கிறவர் மனதில் ஒரு கட்டடம் எழும்பிவிடுகிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசையாக மேசைகள், தலையில் ஹெட்செட் மாட்டிய ஆட்கள். செங்கல் ஒவ்வொன்றும் நிஜம், கட்டடம் மட்டும் பொய்.

இதைப் புதிர்போல ஆற அமர யோசிக்கும் வசதி எனக்கு இல்லை. அந்த மூன்று பேர் ஆபீஸ் எங்களுடையது.

திருச்சி தில்லைநகரில், ஆஸ்பத்திரிகளும் லேப்களும் மருந்துக்கடைகளும் நெருக்கியடிக்கிற கிராஸ்களில் ஒன்றில், முதல் மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. நானும் நண்பனும் பங்குதாரர்கள். கணக்குப் பார்க்க ஓர் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட நோயாளிகளுக்கு வேண்டியதை வாடகைக்குக் கொடுக்கிறோம். தலைப்பக்கம் தூக்குகிற கட்டில், புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, வீல்சேர், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். கடைசியாகச் சொன்னதால்தான் இந்தக் கட்டுரை. அறைக்காற்றை உள்ளே இழுத்து, நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஆக்சிஜனைச் செறிவாக்கிக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற இயந்திரம் அது. சூட்கேஸ் உயரம் இருக்கும். ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். கரண்ட் இருக்கும்வரைதான் ஓடும்.

அதுவரை எங்கள் ஆபீஸ் போன் என்பது என் சட்டைப்பையில் இருந்தது. நான் பஸ்ஸில் போனால் ஆபீஸும் பஸ்ஸில் போகும். வெளியே போர்டு வைக்க முடிவானபோதுதான் போர்டில் எந்த எண்ணை எழுதுவது என்ற கேள்வி வந்தது.

வாடகை இடத்தில் போன் வைப்பது தனி வைபவம். வாடகை ஒப்பந்தம், ஜிஎஸ்டி சான்றிதழ், பான் கார்டு எல்லாம் கொடுத்தபிறகும் வீட்டு உரிமையாளரின் சம்மதம் பாக்கி. "ஒயர் எங்க வேணா வரட்டும் தம்பி, சுவத்துல மட்டும் ஓட்ட போடக்கூடாது" என்று சொல்லிவிட்டார். ஃபைபர் ஒயர் ஜன்னல் வழியாக வந்தது. அந்த ஜன்னல் இப்போதும் முழுதாக மூடாது. ஒயரின் முனையில் ஒரு வெள்ளைப் பெட்டி, பெட்டியின் முதுகில் போன் மாட்ட ஒரு துளை. எடுத்துக் காதில் வைத்தால் அந்தப் பழைய டயல் டோன். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரமே ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். சின்ன வயது, நல்ல பேச்சு. அவர் விற்றது கண்ணுக்குத் தெரியாத போன். எண் அவர்களுடைய சர்வரில் இருக்கும். அழைப்பு வந்தால் முன்கூட்டிப் பதிந்த குரல் பேசும், பிறகு நாம் சொல்கிற மொபைல்களுக்குத் தள்ளிவிடும். "சார், நீங்க எத்தன பேருன்னு கஸ்டமருக்குத் தெரியணும்னு அவசியமே இல்ல சார். கால் பண்ணினா பெரிய கம்பெனின்னு ஒரு ஃபீல் வரும்" என்றார். பொய்யை இவ்வளவு வெளிப்படையாக, கூச்சமே இல்லாமல் ஒருவர் விற்று நான் பார்த்ததில்லை. ஒருவிதத்தில் அவர்தான் இந்தக் கதையிலேயே நேர்மையான ஆள்.

நண்பனுக்கு உடனே பிடித்துவிட்டது. "அயர்ன் பண்ணின சட்ட போட்டுட்டுத்தானே கஸ்டமர் வீட்டுக்குப் போறோம், அது மாதிரிடா இது" என்றான். இதைத் தட்டிவிடலாம். ஆனால் அடுத்து ஒன்று சொன்னான்: "மூச்சு வாங்கிட்டிருக்கிற அப்பாவ பக்கத்துல வெச்சுக்கிட்டு கால் பண்றவனுக்கு, ஒரு சின்ன ரூம்ல மூணு பேரு உக்காந்திருக்கானுங்கன்னு தெரிஞ்சா தைரியம் வருமா, போகுமா?"

இதற்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. குற்றமில்லாத நன்மையைக் கொண்டுவருமென்றால் பொய்யையும் வாய்மைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கலாம் என்று வள்ளுவரே இடம் விட்டிருக்கிறார். அந்தப் பக்கம் இம்மானுவேல் காண்ட், 1797-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்ல உனக்கு உரிமை இல்லை என்று நிற்கிறார். காண்டின் வீட்டில் போன் இருந்திருந்தால் நிச்சயம் அவரேதான் எடுத்திருப்பார். இரண்டுக்கும் நடுவே எனக்கு உபயோகமாகத் தெரிவது சிஸ்ஸெலா போக் 1978-இல் பொய்யைப் பற்றி எழுதிய புத்தகத்தில் வைக்கும் சோதனை. இந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று ஊரறிய, ஏமாந்தவரும் கூட்டத்தில் இருக்கையிலேயே, நியாயமான மனிதர்கள் முன்னால் விளக்க முடியுமா? முடிந்தால் யோசிக்கலாம். முடியாது என்றால் விட்டுவிடு.

போட்டுப் பார்ப்போம். "நாங்க மூணு பேர்தாங்க, கொஞ்சம் பெருசா தெரியட்டும்னு அந்தக் குரல வெச்சோம்" என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னால் பெரும்பாலும் சிரித்துவிடுவார். அவரும் எங்காவது கடை வைத்திருப்பார், அவர் கடைப் பெயரிலும் 'அண்டு சன்ஸ்' இருக்கும், மகன் துபாயில் இருப்பான். உருவத்தைக் கொஞ்சம் பெருக்கிக் காட்டுகிற பொய்யை நம் ஊர் வியாபாரம் ரொம்ப நாளாகவே மன்னித்துவருகிறது. எனக்கும் அதில் பெரிய கோபம் இல்லை.

அதே பேக்கேஜில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. "எங்கள் அதிகாரிகள் அனைவரும் மற்ற வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது." பின்னால் ஒரு வீணை. இது யாரும் எடுக்காதபோதெல்லாம் ஒலிக்கும், ஆபீஸ் பூட்டியிருந்தாலும் சேர்த்து. இப்போது அதே சோதனை. "நாங்க யாருமே இல்லம்மா, சும்மா உங்கள நிறுத்தி வெச்சிருந்தோம்" என்று யாரிடம் சொல்ல முடியும்? முன்னது எங்களைப் பற்றிய பொய். இது அவருடைய அடுத்த ஐந்து நிமிடத்தைப் பற்றிய பொய். யாரோ வரப்போகிறார்கள் என்று நம்பி அவர் வேறு எண்ணுக்கு அடிக்காமல் நிற்கிறார். அவருக்குத் தெரிந்திருந்தால் செய்திருக்கக்கூடிய ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்கிறோம். அந்த வீணை எனக்கு ஒரு கை மாதிரி கேட்கிறது, தோளைப் பிடித்து அழுத்திவைக்கிற கை.

அப்போதுதான் எங்கேஜ்டு டோன் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. 'பீப்... பீப்... பீப்...' அதைவிட நாணயமான சத்தம் தொலைபேசி வரலாற்றிலேயே இல்லை. இப்போது முடியாது என்கிறது. மன்னிப்பு கேட்பதில்லை, முக்கியம் என்று கொஞ்சுவதில்லை. அடுத்த விநாடி நீங்கள் சுதந்திரமான ஆள்.

முடியாது என்பது எந்த ஆபீஸும் தப்பிக்க முடியாத விஷயம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் 1908-இல் வேலைக்குச் சேர்ந்த எர்லாங் என்ற டேனிஷ் கணிதக்காரர், அழைப்புகள் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்துக்கொண்டு வருவதில்லை என்ற எளிய உண்மையிலிருந்து தொடங்கி, 1917-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். இத்தனை லைன் இருந்தால் எத்தனை பேருக்குக் கிடைக்காமல் போகும் என்று அது சொல்லும். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே இன்று அவர் பெயர்தான். எங்கள் ஆபீஸை அதில் போட்டுப் பார்த்தேன். பரபரப்பான ஒரு மணி நேரத்தில் பத்து அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று நிமிடம். அதாவது அறுபது நிமிடத்தில் முப்பது நிமிடப் பேச்சு. ஒரே லைன் என்றால் மூன்றில் ஒருவருக்குக் கிடைக்காது. பாதி நேரம் போன் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றும், ஆனால் கணக்கு அப்படித்தான். இரண்டு லைன் வைத்தால் பதின்மூன்றில் ஒருவர். மூன்று வைத்தால் ஏறக்குறைய எண்பதில் ஒருவர். (கிடைக்காதவர் பேசாமல் போய்விடுவார் என்பது சூத்திரத்தின் அனுமானம். நம் ஆட்கள் உடனே ரீடயல் அடிப்பார்கள், ஆகவே நிலைமை இதைவிட மோசம்தான்.) நான்கு, ஐந்து என்று கூட்டிக்கொண்டே போகலாம். பூஜ்யம் மட்டும் வராது.

எத்தனை பெரிய நிறுவனமாக இருந்தாலும் யாரோ ஒருவரை மறுத்தே தீரவேண்டும். எத்தனை பேரை என்பதை, தெரிந்தோ தெரியாமலோ, லைன் வாங்கும்போதே முடிவு செய்துவிடுகிறோம். மீதி இருக்கும் கேள்வி எப்படி மறுப்பது என்பதுதான்.

மறுப்பதில் எனக்குத் தெரிந்த ஓர் அழகான உதாரணம் 1947 ஜூன் 2-ஆம் தேதி நடந்தது. அன்று திங்கட்கிழமை. காந்திக்கு மௌன நாள். பிரிவினைத் திட்டத்தைப் பற்றிப் பேச வைஸ்ராய் மவுண்ட்பேட்டனைச் சந்திக்கப் போகிறார். நாடு இரண்டாகப் போகிற நேரம், எதிரே சாம்ராஜ்யத்தின் பிரதிநிதி, இவர் வாயைத் திறக்கவில்லை. பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டுகிறார். பேச முடியாததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, மௌன விரதம் எடுத்தபோது இரண்டு விதிவிலக்குகளை வைத்துக்கொண்டதாகவும் எழுதுகிறார். அவசரமான காரியங்களில் உயர்பதவியில் இருப்பவர்களோடு பேசுவது ஒன்று. நோயாளிகளைக் கவனிப்பது இன்னொன்று. முதல் விதிவிலக்கு அன்றைக்கு அப்படியே பொருந்தியும் அவர் அதைப் பயன்படுத்தவில்லை. நான் மௌனத்தைக் கலைக்க வேண்டும் என்று உங்களுக்கும் விருப்பமில்லை என்று தெரியும் என்ற பொருளில் எழுதி முடிக்கிறார். அரசியலாக அதற்கு எத்தனையோ விளக்கங்கள் உண்டு, அதற்குள் போகவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது அந்த இரண்டாவது விதிவிலக்கு. திங்கட்கிழமை பேசமாட்டேன், எல்லோருக்கும் தெரியும், யாரும் ஏமாறவில்லை. ஆனால் நோயாளி என்றால் வேறு.

நோயாளி என்றால் வேறு. இந்த இடத்தில்தான் எங்கேஜ்டு டோன் மேல் நான் வைத்த மரியாதை ஆட்டம் காண்கிறது. அது நாணயமானது, சரி. குருட்டுத்தனமானதும்கூட. வீல்சேருக்கு மாத வாடகை எவ்வளவு என்று கேட்க வந்தவருக்கும், அப்பாவின் இயந்திரம் நின்றுபோய் நிற்பவருக்கும் ஒரே 'பீப்'. யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு லைன். ரேஷன் கடை வரிசைக்கு அது நியாயமாக இருக்கலாம், எங்கள் தொழிலில் இல்லை. அப்படிப் பார்த்தால் நான் கிண்டல் செய்த அந்த 'ஒன்றை அழுத்தவும்' மெனு, வருகிறவர்களிடம் உங்கள் அவசரம் எது என்று கேட்கிற ஒரு வழியாகிவிடுகிறது. "இயந்திரம் நின்றுவிட்டதா, ஒன்றை அழுத்தவும்" என்றால், அழுத்தியதும் நிஜமாகவே ஒருவர் எடுத்தால், அதில் என்ன பொய்?

அவசரத்தைத் தரம் பிரிப்பதைத் தொலைபேசித் துறை முன்பே செய்திருக்கிறது. ட்ரங்க் கால் காலத்தில் வெளியூர் அழைப்பை எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. அர்ஜென்ட்டுக்குக் கட்டணம் அதிகம், லைட்னிங்குக்குப் பல மடங்கு. சாவுச் செய்தி சொல்ல லைட்னிங் கால் போட்ட குடும்பங்கள் உண்டு. காசில்லாதவர்கள் சாவுச் செய்தியையும் ஆர்டினரியில்தான் சொன்னார்கள், அல்லது தந்தி கொடுத்தார்கள். அவசரம் எவ்வளவு என்பதை அங்கே பணம் அளந்தது. இன்றைக்குப் பல சேவைகளில் 'பிரீமியம்' வாடிக்கையாளருக்குத் தனி லைன் என்பதும் அதேதான், பெயர் மட்டும் புதிது.

பணம் வேண்டாம், ஒரு மனுஷனே கேட்டுப் பிரிக்கட்டும் என்றால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் கன்ஸாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் பிணங்களுக்கு இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழிலில் இருந்தார். எக்ஸ்சேஞ்சில் லைன் மாற்றிக்கொடுக்கும் பெண் போட்டித் தொழில்காரரின் மனைவி என்றும், தனக்கு வரவேண்டிய அழைப்புகளைத் தன் கணவருக்கே திருப்பிவிடுகிறார் என்றும் சந்தேகப்பட்டு, நடுவில் மனுஷனே இல்லாமல் தானாக இணைக்கும் எக்ஸ்சேஞ்சை அவர் யோசித்தார் என்று சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, 1891-இல் காப்புரிமை அவர் பெயரில் பதிவானது உண்மை. மனுஷனை நம்ப முடியவில்லை என்பதால் இயந்திரம் வந்தது. இயந்திரத்தில் பேச ஆள் இல்லை என்பதால் நாம் 'எக்ஸிக்யூட்டிவுடன் பேச ஒன்பதை அழுத்தவும்' என்று அந்த மனுஷனைத் திரும்பத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நானும் நண்பனும் இப்படிப் பேசிக்கொண்டே இருந்தோம். வெள்ளைப் பெட்டி போன் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, போர்டில் எண்ணையும் இன்னும் எழுதவில்லை. ஆடி மாதம். ஒருநாள் சாயங்காலம் பெருங்காற்று அடித்து எங்கேயோ மரம் விழுந்து ஏரியா முழுக்கக் கரண்ட் போனது. ஆபீஸில் இருட்டு. வெள்ளைப் பெட்டியின் விளக்குகள் அணைந்தன, ரிசீவரை எடுத்தால் ஒன்றுமே இல்லை. டயல் டோன் இல்லை, எங்கேஜ்டு டோன்கூட இல்லை.

பழைய செம்புக்கம்பி போனுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே, 48 வோல்ட்டில், பேசுகிற அதே கம்பி வழியாக வந்தது. எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரிகளும் ஜெனரேட்டரும் இருந்தன. ஊரே இருண்டாலும் வீட்டுப் போன் உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம். ஃபைபரில் வருவது வெளிச்சம். அது மின்சாரத்தைச் சுமந்துகொண்டு வராது. நம் வீட்டுக் கரண்ட் போனால் நம் வீட்டுப் போனும் போச்சு, பேட்டரி வைத்தால் ஒழிய. 'அப்கிரேட்' என்று நமக்குக் கொடுக்கப்பட்டதில், எக்ஸ்சேஞ்சின் பொறுப்பாக இருந்த ஒன்று சத்தமில்லாமல் நம் பொறுப்பாக மாறியிருக்கிறது. எங்கேயும் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

இங்கே முக்கியம் என்னவென்றால், கரண்ட் போகிற நேரம்தான் கான்சன்ட்ரேட்டர்களும் நிற்கும். எங்களை எந்த நிமிடத்தில் கூப்பிட வேண்டியிருக்குமோ, சரியாக அந்த நிமிடத்தில் எங்கள் போனும் செத்திருக்கும்.

அன்றைக்கு என் சட்டைப்பை எண் பழைய வாடிக்கையாளர்களிடம் இருந்தது. உறையூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார்.

"சார், மிஷின் நின்னுடுச்சு சார், பீப் பீப்புன்னு கத்துது. அப்பாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"பதட்டப்படாதீங்கம்மா. கட்டிலுக்குப் பக்கத்துல சின்ன சிலிண்டர் வெச்சிட்டு வந்தோம்ல, அதத்தான் இப்பத் தொறக்கப் போறோம். தலையில சாவி மாட்டியிருக்கும், பாருங்க."

"இருக்கு சார். எந்தப் பக்கம் திருப்பணும்?"

"இடது பக்கமா, மெதுவா. முள்ளு ஏறுதா? ஏறட்டும். இப்ப அப்பா மூக்குல இருக்கிற குழாயோட இன்னொரு முனைய மிஷின்லேர்ந்து உருவி, சிலிண்டர்ல தண்ணி பாட்டில் தொங்குதுல்ல, அதோட வாயில சொருகுங்க. குமிழத் திருப்புங்க. கண்ணாடிக்குள்ள ஒரு குண்டு மேல வரும். ரெண்டுல நிக்கணும்."

"நிக்குது சார். தண்ணியில குமிழி வருது."

"அவ்வளவுதாம்மா."

நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தச் சின்ன சிலிண்டரில் நிரப்பியிருந்தால் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். டெலிவரி அன்றே இதையெல்லாம் அவர் தம்பிக்குச் சொல்லிக்காட்டியிருந்தோம், தாளிலும் எழுதிக் கொடுத்திருந்தோம். அன்று தம்பி ஊரில் இல்லை, தாள் இருட்டில் எங்கேயோ. பொருளாக அவருக்கு வேண்டியது எல்லாமே கட்டில் பக்கத்திலேயே இருந்தது. இல்லாதது 'இடது பக்கமா, மெதுவா' என்று சொல்ல ஒரு குரல். இதில் எந்த இடத்தில் 'சேவைப் பிரிவுக்கு இரண்டை' வைப்பது?

நண்பன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பேசி முடித்ததும் "அந்தக் கிளவுட் போன் வாங்கியிருந்தா இது எந்த மொபைலுக்கு வேணும்னாலும் வந்திருக்கும்ல" என்றான். அது உண்மைதான். அந்த எண் எங்கள் ஆபீஸ் சுவரில் இல்லை, யாரோ ஒருவருடைய சர்வரில் இருக்கிறது. எங்கள் ஏரியா இருண்டாலும் அது இருளாது. விற்க வந்த தம்பி பெரிய கம்பெனி ஃபீல் பற்றி அரைமணி நேரம் பேசினார், அவர் சரக்கின் நிஜமான நல்ல குணத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அதற்கு இன்னொரு குணமும் உண்டு, அதை வாங்கிய பிறகுதான் கவனித்தேன். எங்கேஜ்டு டோன் கேட்டுத் திரும்பிப் போனவர் நமக்குத் தெரியாமலே போய்விடுவார். மூன்றில் ஒருவரை மறுத்துக்கொண்டே, நமக்கு யாரும் போன் பண்ணுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். இதில் மறுக்கப்பட்டவர்களின் பட்டியல் சாயங்காலம் திரையில் வந்து நிற்கிறது. எண், நேரம், எத்தனை விநாடி காத்திருந்தார். பதினாறு விநாடி. நாற்பத்தொரு விநாடி. பார்த்தபிறகு பார்க்காத மாதிரி இருப்பது தனியாக ஒரு செயல். அக்கா அந்தப் பட்டியலை ஒரு நோட்டில் இறக்கி, வீட்டுக்குப் போவதற்குள் ஒவ்வொருவரையும் திருப்பிக் கூப்பிடுகிறார். பாதிப் பேர் ராங் நம்பர். "இல்லீங்க, நீங்க தேடுற ஆள் இங்க இல்ல" என்று அவர்களுக்கும் சொல்லிவிடுகிறார்.

இப்போதைய ஏற்பாடு இது. போர்டில் இருக்கும் எண்ணுக்கு அடித்தால் மெனு எதுவும் கிடையாது, மூன்று மொபைலும் ஒரே நேரத்தில் அடிக்கும், யார் முதலில் எடுக்கிறார்களோ அவர் பேசுவார். இன்னொரு எண் போர்டில் இல்லை. ஒவ்வொரு கான்சன்ட்ரேட்டர் மேலும் கண்ணில் படுகிற உயரத்தில், இருட்டிலும் படிக்கிற அளவு பெரிய எழுத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறோம். ராத்திரிக்கு அது நண்பனுக்கும் எனக்கும் முறை வைத்து வரும். நான்கு மணிக்குள் ஒருவன் எடுக்காவிட்டால் மற்றவனுக்குத் தாவும். இருவரும் எடுக்காவிட்டால் மட்டும் பதிவுக் குரல்.

அந்தப் பதிவுக் குரலுக்குத்தான் பெரிய சண்டை. கம்பெனிக்காரர்கள் ஸ்டூடியோவில் பேசித் தருவதாகச் சொன்னார்கள். நான் அக்காவையே பேசச் சொன்னேன். "வணக்கம். நாங்க மூணு பேர் நடத்துற ஆபீஸ். இப்ப ரெண்டு பேரும் எடுக்க முடியல, பத்து நிமிஷத்துல நாங்களே கூப்பிடுறோம். மூச்சு விட ரொம்பக் கஷ்டமா இருந்தா எங்களுக்காகக் காத்திருக்காதீங்க, உடனே 108-க்கு அடிங்க." பிறகு சிலிண்டர் திறக்கிற வழி, நிதானமாக, இரண்டு முறை. நண்பனுக்கு 'மூணு பேர்' என்ற வார்த்தை கடைசிவரை உறுத்தியது. அதை மட்டும் எடுத்துடலாம்டா என்றான். பத்து நிமிடம் என்று ஏன் சொல்கிறோம், ஏன் உடனே இல்லை என்பது அந்த வார்த்தை இல்லாமல் கேட்பவருக்கு எப்படிப் புரியும் என்று நான் கேட்டேன். அரை மனதாக விட்டுக்கொடுத்தான்.

அவன் பயந்ததும் நடந்தது. ஊரில் ஒரு நர்சிங் ஹோம், டிஸ்சார்ஜ் ஆகிறவர்களையெல்லாம் எங்களிடம் அனுப்புவதாகப் பேச்சு வந்திருந்தது. அவர்களுடைய மேனேஜர் ஒருநாள் விடிகாலை சோதித்துப் பார்க்க ஸ்டிக்கர் எண்ணுக்கு அடித்திருக்கிறார். நண்பன் குளித்துக்கொண்டிருந்தான், நான் டெலிவரி வண்டியில். பதிவுக் குரல் போயிருக்கிறது. பதினோராவது நிமிடம் நண்பன் திருப்பிக் கூப்பிட்டபோது, "என்ன சார், வீட்டுல உக்காந்து பேசின மாதிரி இருக்கு? நாங்க ஹெல்ப்டெஸ்க் இருக்கிற ஆளுங்களத்தான் பாக்குறோம்" என்றிருக்கிறார். ஆர்டர் இன்னும் வரவில்லை. மாதத்துக்கு இருபது இயந்திரமாவது போயிருக்கும் என்பது நண்பனின் கணக்கு. அந்தக் கணக்கை அவன் வாரத்துக்கு ஒருமுறை எனக்கு ஞாபகப்படுத்துகிறான். ஞாபகப்படுத்த அவனுக்கு உரிமை இருக்கிறது, அது அவன் பணமும்தான்.

ஸ்டிக்கர் எண்ணையும் எல்லோரும் அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு அதில் ஒருவர் கூப்பிட்டு, அம்மா போய்ச் சேர்ந்து பதினாறு நாள் ஆகிறது, கட்டிலை எப்போது எடுத்துக்கொண்டு போவீர்கள், டெபாசிட் எப்போது வரும் என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஊரில் இல்லாததால் அன்று முறை அக்காவுக்கு. இது அவசர நம்பர் என்று அவர் சொல்லவில்லை. எத்தனை வயசு, என்ன பண்ணுச்சு என்று விசாரித்திருக்கிறார். பிறகு, "காலைல பத்து மணிக்கு நானே கூப்பிடுறேன் தம்பி, தூங்குங்க" என்று சொல்லிவிட்டு, நோட்டில் எண்ணை எழுதி, பக்கத்தில் 10 மணி என்று போட்டு வட்டம் வரைந்திருந்தார்.